முதல் ரவுண்டு

ஆகஸ்ட் 5, வியாழன்

விடாத மழை. கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீர். டிராமை நிறுத்திவிட்ட பிறகு பஸ்ஸில் ஏறுவதே பெரும்பாடு. பையில் கார் எஞ்சினின் நான்கு கனெக்டிங் ராடுகள், பழைய பேப்பரில் சுற்றி.

மாணவிகள் போனதும் கல்லூரி லாப் தராசில் நிறுத்தேன். மூன்று சரி, ஒன்று கனம். ராவ வேண்டிய இடத்தைப் பென்சிலால் குறித்தேன். நான்கும் ஒரே எடை இல்லாவிட்டால் வேகத்தில் எஞ்சின் உதறும். அட்டெண்டர் பாண்டுரங் எட்டிப் பார்த்து, இது என்னம்மா என்று மராத்தியில் கேட்டான்: "ஹே காய், பாயி?" பௌதிகம் என்றேன்.

எல்லாம் கீழ்வீட்டு வெங்கட்ராமனின் பச்சைக் காருக்கு. கப்பல் பட்டறை எஞ்சினியர், கல்யாணம் ஆகாதவர். உடைத்த கப்பல் ஒன்றின் ஜெனரேட்டரிலிருந்து டர்போவை எடுத்துவந்து காரில் மாட்டினார். அது வெளிவரும் புகையின் வேகத்தில் சுற்றி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும். போன வருஷம் செம்பூர் தாண்டுவதற்குள் ஒரு பிஸ்டன் ஓட்டை, ஒரு ராடு வளைவு. பழைய பாகங்கள் அந்த அழுத்தத்தைத் தாங்கவில்லை. இந்தத் தடவை உள்ளே எல்லாம் உறுதியானவை. கண்டாலா மலையை நிற்காமல் ஏற வேண்டும். அவர் ஆசை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் என் ஆசையும் ஆகிவிட்டது.

ரேஷன் சர்க்கரை வாங்க மறந்தேன்.

ஆகஸ்ட் 8, ஞாயிறு

தூறல். காலையில் வெங்கட்ராமனும் நானும் தாராவிக்கு, சுடலைமுத்துவின் லேத் பட்டறைக்கு. ராடைக் குறித்த இடத்தில் ராவிக் கொடுத்தார். "டீச்சரம்மா, இது ஒடஞ்சா எம் மீசைய எடுத்துருதேன்." மீசை பெரிசு. வெ. வழியெல்லாம் சிரித்தபடி.

மதியம் அவருடைய கார் ஷெட்டில் பிஸ்டன் கோர்த்தோம். வார்ப்பு இல்லை, அடித்துச் செய்தவை. ஏடனிலிருந்து கப்பல்காரர் ஒருவர் கொண்டுவந்தவை. ரிங் இடைவெளியை நான் அளந்து சொல்ல, அவர் அரம் போட்டார். கை முழுக்க எண்ணெய். யாரும் அங்கே என் வெறும் நெற்றியைப் பார்ப்பதில்லை.

போகும்போது சொன்னார்: "முதல் ரவுண்டு நீங்கதான் என் பக்கத்துல. கண்டாலாவும் அப்படித்தான், டீச்சர்."

சரி என்றேன். மாடி ஏறுகையில் என் வீட்டைத் தாண்டி ஒரு மாடி அதிகம் ஏறிவிட்டேன்.

ஆகஸ்ட் 14, சனி

எஞ்சின் காருக்குள் இறங்கிவிட்டது. நாளைக்கே கிளப்பலாம் என்றிருந்தோம். பாலக்காட்டிலிருந்து வெ.யின் அக்கா வந்திருக்கிறார். ஆடி கழியட்டும், வெள்ளிக்கிழமை பூஜை போட்டு எடுக்கலாம் என்றார். வெ. என்னிடம் முணுமுணுத்தார். அக்காவிடம் தலையாட்டினார்.

நல்ல மனுஷி. நேந்திரங்காய் வறுவல் தந்தார். ஆத்துக்காரர் எங்கே வேலை என்று கேட்டார். போய்விட்டார், பதினோரு வருஷம் ஆகிறது என்றேன். அடடா என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 18, புதன்

டெஸ்ட் பேப்பர்கள் குவிந்து கிடக்கின்றன. ஒன்றும் திருத்தவில்லை. பெட்டியிலிருந்து வெளிர்நீலப் புடவை. ஆத்துக்காரர் போன பிறகு கட்டியதில்லை. கஞ்சி போட்டுக் கொடியில் உலர்த்தினேன். எதிர்வீட்டு மாமி புடவையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நாற்பத்து நாலு வயதில் இப்படி ஒரு படபடப்பு. வெட்கமாக இருக்கிறது. சந்தோஷமாகவும்.

ஆகஸ்ட் 20, வெள்ளி

லீவு போட்டிருந்தேன். ராகுகாலத்துக்கு முன் பூஜை. மாலை, சந்தனம், சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். அக்கா என்னைக் கொஞ்சம் ஓரமாக அழைத்தார். குரலில் கோபமே இல்லை.

"தப்பா எடுத்துக்காதேம்மா. புதுசா கெளம்பற வண்டி. எதிர்ல நீ நிக்க வேண்டாம். செத்த உள்ளே இரு."

வெ. இரண்டடி தூரத்தில். காதில் விழுந்தது. பானெட்டைத் துடைத்துக்கொண்டே, "அஞ்சு நிமிஷம்தான், டீச்சர்" என்றார்.

அவர் வீட்டுச் சமையலறையில், தண்ணீர் டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஸ்டார்ட்டர். இரண்டு இருமல். பிடித்துக்கொண்டது. ராடில் தட்டல் இல்லை. டாப்பெட் சத்தமும் சரி. கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் டர்போவின் மெல்லிய விசில். ஒரு குறை சொல்ல முடியாது. யாரோ கைதட்டினார்கள். கேட்டைத் தாண்டிச் சத்தம் போய்விட்டது. அவர் பக்கத்தில் அக்கா.

பின்வாசல் வழியாக மேலே வந்துவிட்டேன்.

மூன்று மணிக்கு வெ. கதவைத் தட்டினார். இப்போது ஒரு ரவுண்டு போகலாம், ஞாயிறு கண்டாலா என்றார். முகமெல்லாம் சந்தோஷம்.

"அக்கா சொன்னப்போ நீங்க ஏன் ஒண்ணும் சொல்லலை?"

"பெரியவா மனசு நோகப்படாதுன்னுதான். அஞ்சு நிமிஷ விஷயம், விசாலம்."

முதல் தடவையாக என் பெயர். எத்தனை நாள் காத்திருந்தேன் அதற்கு.

பேப்பர் திருத்த வேண்டும் என்றேன்.

ஆகஸ்ட் 21, சனி

பல்லாரி வெங்காயம், துவரம்பருப்பு, சோப்பு. பேப்பர்கள் எல்லாம் முடிந்தன. ஒருத்தி கூட அழுத்தத்துக்குச் சரியான விளக்கம் எழுதவில்லை.

அழவில்லை என்று எழுத நினைத்தேன்.

ஆகஸ்ட் 22, ஞாயிறு

வெயில். காலையிலேயே கீழே ஹாரன். ஒரு தடவை. கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை. ஜன்னலிலிருந்து பார்த்தேன். அக்கா இல்லை. அவருக்குப் பக்கத்து ஸீட்டின் கதவு திறந்திருக்கிறது. மேலே பார்க்கிறார்.

எஞ்சினை அணைக்கவில்லை. புது ரிங் போட்ட எஞ்சினை நின்ற இடத்தில் இவ்வளவு நேரம் ஓடவிடக் கூடாது. அவருக்கும் தெரியும்.

ஜன்னலைச் சாத்திவிட்டேன். இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.