ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டிய பதில்

நம் பேங்கில் கவுண்டர் இழுப்பறையைச் சுத்தம் செய்துகொண்டிருந்த புது கேஷியர் பெண், ஒரு குட்டி பாட்டிலைத் தூக்கிக் காட்டி, "மேடம், இது யாரோடது?" என்று கேட்டாள். கேட்டதோடு விடாமல் மூடியையும் திறந்துவிட்டாள். மல்லிகை அத்தர். நோட்டு எண்ணுவதற்கு விரல் நனைக்கிற ஸ்பாஞ்சுக் கிண்ணத்தில், அதே சீட்டில் நீங்கள் இருந்தபோது தினமும் காலையில் ஒரு சொட்டு விடுவீர்களே அக்கா, அதுதான். "எங்க அக்காவோடது" என்றேன். அவள் மேற்கொண்டு ஏதோ கேட்க வந்தாள். நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து போய்விட்டேன்.

இன்றைக்கு எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை அக்கா. பதவி உயர்வு வந்திருக்கிறது. வடக்கே, பெயரைச் சரியாகச் சொல்லக்கூட வராத ஓர் ஊரில். சம்மதமா இல்லையா என்று ஐந்து மணிக்குள் பதில் அனுப்ப வேண்டும். போனால், அப்பாவைப் பற்றி நான் எழுதிப் பாதியில் நிற்கிற புத்தகம் அவ்வளவுதான். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமையைக்கூடக் கண்ணால் பார்ப்பதில்லை. போகாவிட்டால் இன்னொரு தரம் கூப்பிட மாட்டார்கள். வருவதை வேண்டாமென்று தள்ளி எனக்குப் பழக்கமும் இல்லை.

இந்த எழுத்துப் பைத்தியத்தை ஏற்றிவிட்டதே நீங்கள்தான். அப்போது நான் ஃபீல்டு ஆபீசர். வெள்ளத்தில் மூழ்கிய சம்பா வயல்களைப் பார்த்து அறிக்கை அனுப்பச் சொன்னார்கள். ஒரு வரப்பில், அழுகின நாற்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஓர் அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்துக்க தாயி, போட்டோ புடிச்சுக்க" என்றார். அந்தச் சிரிப்பை நான் அறிக்கையில் எழுதிவிட்டேன். ஒரு பக்கம் முழுக்க. மண்டல அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது: 'தேவையற்ற வர்ணனைகளைத் தவிர்க்கவும்.' மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். நீங்கள் அதைப் பிடுங்கி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் மொத்த ஆபீசுக்கும் சத்தமாக வாசித்தீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரித்த இடம் வந்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள். "அவங்களுக்கு வேணாம்னா போவுது. எனக்கு எழுதிக் குடு புள்ள" என்றீர்கள்.

அப்படி எழுதிக் கொடுத்ததுதான் முதல் புத்தகமாக வந்தது. தஞ்சாவூரிலிருந்து வருகிற பஸ்ஸில் பாதி, விடிகாலையில் குக்கர் சத்தத்துக்கு நடுவில் மீதி. ஒவ்வொரு கதையையும் மீன் குழம்புக் கையோடு படித்துவிட்டு, "சப்புன்னு இருக்கு" என்பீர்கள், அல்லது ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்க் கை கழுவுவீர்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

அப்பாவைப் பற்றி எழுதியதைக் கொடுத்த அன்றுதான் வம்பு வந்தது. அறுவடை மெஷின் ஓட்டின அப்பா, கையில் வந்ததையெல்லாம் குடித்துத் தீர்த்த அப்பா, பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்னால் என் பாடப் புத்தகங்களைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டு வந்த அப்பா. கடைக்காரரிடம் அழுது கெஞ்சி, அங்கேயே சாக்கின்மேல் உட்கார்ந்து என் புத்தகங்களை நானே படித்துப் பரீட்சை எழுதினேன். இதையெல்லாம் எப்படி எழுதியிருந்தேன் தெரியுமா? 'தந்தை குடிப்பழக்கம் உடையவர். குடும்பத்திற்கு நிலையான வருமானம் இல்லை.' நீங்கள் தாளை டிபன் பாக்ஸ்மேல் வைத்துவிட்டு, "ஏன் புள்ள, உங்கப்பாவுக்கு லோன் சாங்ஷன் பண்றியா?" என்றீர்கள்.

எனக்குச் சுருக்கென்றது. சாப்பாட்டை மூடிக்கொண்டு எழுந்தேன். விட்டீர்களா? ரெக்கார்டு ரூம் வரைக்கும் பின்னாலேயே வந்தீர்கள்.

"புஸ்தகத்த வித்துட்டு வந்த அன்னிக்கு அவரு உன்கிட்ட என்ன சொன்னாரு?"

"ஒன்னும் சொல்லல."

"பொய் சொல்லாத."

அப்பா அல்வா வாங்கி வந்திருந்தார், அக்கா. அந்தக் காசில். "சாப்புடு கண்ணு, பாவம் நீ காலையிலேருந்து ஒன்னும் திங்கல" என்றார். நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன். இலையை வழித்து நக்கினேன். அவ்வளவு பசி. அவ்வளவு ருசி. இதை உங்களிடம் சொன்னபோது நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் எனக்கென்று உங்கள் வீட்டு ரவை இனிப்பு, தம்ரூட்டு செய்து எடுத்து வந்தீர்கள்.

வேலையை விட்டுவிட்டு எழுதப் போகிறேன் என்று நான் குதித்தபோது மட்டும் ஏன் அப்படிக் கத்தினீர்கள்? "பசி தெரிஞ்சவ பேசுற பேச்சா இது? மொதல்ல பேங்கு. நான் ரிட்டயராகி நிம்மதியா உக்காந்து படிக்கப் போறேன். நீயும் ரிட்டயராயிட்டு உக்காந்து எழுது." நானும் மறுநாள் வழக்கம்போல் பேங்குக்கு வந்துவிட்டேன்.

ரிட்டயரானீர்கள். முதல் மழைக்காலத்தைக்கூடத் தாண்டவில்லை. துக்கம் கேட்க உங்கள் முத்துப்பேட்டை வீட்டுக்கு நான் வந்திருந்தபோது உங்கள் மகள் அலமாரியைத் திறந்து காட்டினாள். நீங்கள் ஆசை ஆசையாக வாங்கிச் சேர்த்த புத்தகங்கள், கடைக்காரன் போட்ட பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். "அம்மா எல்லாத்தையும் அப்புறம் அப்புறம்னு வச்சிட்டாங்க" என்றாள். துக்க வீட்டில் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. உங்கள்மேல்தான். இன்றுவரை போகவில்லை.

ஐந்து மணிக்குச் சற்று முன்னால் 'விருப்பமில்லை' என்று தட்டி அனுப்பிவிட்டேன். மேனேஜர் எட்டிப் பார்த்து, "மேடம், நல்லா யோசிச்சீங்களா? அவனவன் இதுக்குத் தவம் கெடக்குறான்" என்றார்.

"யோசிச்சிருந்தா அனுப்பியிருக்க மாட்டேன் சார்."

வேலையை விடவில்லை, பயப்படாதீர்கள். நாளைக்கும் இதே கிளைதான், இதே பயிர்க்கடன் கூட்டம்தான். அந்த அளவுக்கு உங்கள் பேச்சைக் கேட்டேன். ரிட்டயராகும்வரை காத்திருக்கச் சொன்னதை மட்டும் கேட்கப்போவதில்லை. அல்வா தின்ற அந்தச் சாயங்காலத்தை நாளைக் காலை எழுதியே ஆகவேண்டும்.

இன்றைக்கும் ஒரு வரி எழுதினால் உங்கள் குரலில் ஒரு திட்டு வாங்கிக்கொண்டுதான் அடுத்த வரிக்குப் போகிறேன். எனக்கென்று நீங்கள் விட்டுப்போனது அதுதான். ஆனால் மெயில் போனதிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், திட்டைக் காணோம். தப்புப் பண்ணிவிட்டேனா? ஏதாவது சொல்லுங்கள் அக்கா. இல்லை, கை கழுவத்தான் எழுந்து போயிருக்கிறீர்களா?