நிலாவில் குரைத்த நம்மூர் நாய்

இன்று காலை உன் படத்துக்கு முன்னால் உன் டப்பா இருந்தது. வாயில் பலூனை இழுத்துக் கட்டி, மேலே கேழ்வரகு தூவி வைப்பாயே, அதே பால் பவுடர் டப்பா. நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, பலூனோ புதுசு. எனக்குச் சந்தேகம் தட்டியது. நம் மகள் கயலைக் கூப்பிடாமல் கதவோரம் நின்றுகொண்டேன்.

என் புத்தி உனக்குத் தெரியும். பேண்டேஜ் துணி மில்லில் செக்கிங் வேலை. வெட்டின துண்டு தண்ணீரை உறிஞ்சித் தானாக முங்குகிற வரைக்கும் எந்த ரோலையும் நம்ப மாட்டேன். "ஏங்க, உங்களுக்கு எல்லாமே முங்கிக் காட்டணும்" என்று கிண்டல் செய்வாய்.

கயலுக்குக் காது மந்தம் என்று தெரிந்தும் டீச்சர் போர்டைப் பார்த்தே பாடம் நடத்தினார். உதடு தெரியாமல் பிள்ளை திருதிருவென்று விழித்தது. நீ பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு வீட்டிலேயே சொல்லித்தரக் கிளம்பினாய். அதுவும் எதை வைத்து? விண்வெளிக்குப் போகிற அந்தக் கார்ட்டூன் நாயை வைத்து. வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு. எந்த நாட்டில் வரைந்தார்களோ, கயலுக்கு அது நம்ம ராஜபாளையம் நாய்தான். தெருவில் பாதிப்பேர் ஒப்புக்கொண்டார்கள். மூக்கைப் பார்த்ததும் நானும் தலையாட்டினேன் என்பது வேறு விஷயம்.

ஆனால் அதைப் படிப்பு என்று நான் நம்பவில்லை. டிவி பார்க்க அம்மாவும் மகளும் கண்டுபிடித்த சாக்கு என்றே நினைத்தேன். ஒருமுறை அவளை என்னிடம் விட்டுவிட்டு நீ வத்திராயிருப்பு கல்யாணத்துக்குப் போனபோது, நிலாவில் எடை ஏன் குறைகிறது என்று கேட்டுப் பார்த்தேன். நாய் இங்கே குதித்தால் கட்டில் உயரம், அங்கே மாடி உயரம், நிலாவுக்கு இழுக்கிற சக்தி கொஞ்சம்தான் என்றாள். பாஸா பெயிலா என்று எனக்கே தெரியவில்லை. நீ மனப்பாடம் பண்ண வைத்திருப்பாய் என்று சந்தேகம்.

பிறகு ஒரு நாள் அந்த நாய் நிலாவில் நின்று குரைத்தது. தூரத்தில் நின்ற கூட்டாளி காதில் அது விழுந்தது. காற்று இல்லாத இடத்தில் சத்தம் போகாது, படத்தில் தப்பு என்று நீ சொல்லிவிட்டாய். நம்மூர் நாயைப் பொய்யாக்கிவிட்டாய் என்று கயல் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவள் முகத்தை உன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாய்: "புடிச்சவங்களத்தான் நல்லா சந்தேகப்படணும்." அந்த டப்பா அன்றைக்கு வந்ததுதான். ஸ்பீக்கர் முன்னால் கேழ்வரகு துள்ளியது. சத்தம் காற்றைத் தள்ள, காற்று பலூனைத் தள்ளுவதை அவள் கண்ணால் பார்த்தாள்.

இந்த ஜூனில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் அவளைச் சேர்ப்பதாக என் அக்காவிடம் சொல்லியிருந்தேன். உன்னோடு அந்த நாய்ப் படிப்பும் முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

இன்று காலை கயல் வந்தாள். ஒளிந்து நின்ற என்னைக் கையைப் பிடித்து உன் படத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். தினமும் அங்கே நின்று நான் முணுமுணுப்பதை உதட்டில் படித்திருக்கிறாள்.

"பேசுங்கப்பா."

எப்போதும் போல உன்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்டேன். கேழ்வரகு ஆடியது. அவள் குனிந்து அதைப் பார்த்தாள், பிறகு படத்தின் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"நம்ம பக்கம் ஆடுது. அம்மா இருக்குற பக்கம் காத்து இருக்காப்பா?"

இருக்கும் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள். "தெரியலம்மா" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவள் மட்டும், சரியான பதில் கிடைத்தது போலத் தலையாட்டினாள்.

அக்காவுக்குப் போன் போட்டு, முகம் பார்த்துப் பேசுகிற டீச்சர் கிடைக்கிற வரைக்கும் பிள்ளை வீட்டில்தான் படிக்கும் என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் நானும் அந்த நாயைப் பார்க்க உட்கார வேண்டும். அடுத்த தப்பை நான்தான் கண்டுபிடிக்க வேண்டுமாம்.

இனிமேல் உன் படத்துக்கு முன்னால் பேசுவதாக இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்துக்குக் காற்று வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். கயலிடம் இன்னும் கேட்கவில்லை.