கூழைக்கடா பதினேழு

வடக்குப்பட்டு
17.11.2024, ஞாயிறு

அன்புள்ள பரசுராமனுக்கு,

ஐந்நூறு ரூபாய் நோட்டு செல்லாமல் போய் நாம் பாங்க் வாசலில் வெயிலில் காய்ந்தோம். அடுத்த மாதம் வர்தா புயல் வந்து என் வீட்டு வேம்பை மாட்டுக்கொட்டகை மேல் சாய்த்தது. அதற்கடுத்த தையில் மெரினாவில் பிள்ளைகள் ஜல்லிக்கட்டுக்காக உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நாம் கோவளத்துக்குப் பறவை பார்க்கப் போனது. வருடத்தை எண்ணில் சொல்ல எனக்கு வராது. இப்படித்தான் வரும்.

இது சுப்பன் சொல்லி எழுதுவது. போன் போட்டால் உனக்குக் காது சுத்தமாகக் கேட்பதில்லை என்று ஓசூரிலிருந்து உன் மகள் சுபஸ்ரீ சொன்னாள். எனக்கு எழுத்துத் தெரியாது, உனக்குக் காது கேட்காது. நல்ல ஜோடி. அதனால் நம் கண்ணப்பன் மகள் முத்துச்செல்வியை உட்கார வைத்திருக்கிறேன். ஒரகடத்தில் கம்பெனி கேன்டீனில் வேலை. ஞாயிறு தவறாமல் எனக்குக் குழம்பு கொண்டுவருவாள். அவள் அப்பன் போன நாளிலிருந்து எனக்குச் சோறு போடும் கை இதுதான். இப்போது எழுதுவதும் அதே கை.

தை தையாக நம் ஏரிக்கரையில் நின்று நான் எண்ணிச் சொல்ல, நீ நோட்டில் எழுதுவாயே. கடைசியில் வந்தவர்கள் பேர் போட்டு என்னிடம் கைநாட்டு வாங்குவாய். கம்பெனி டைம் ஆபீஸில் ஆள் வருகை எழுதிய புத்தி. ஏரிக்குப் பறவை வராமல் போன மூன்றாவது வருடம், கண்ணப்பன்தான் கடற்கரையில் போய்ப் பார்ப்போம் என்றான். தமிழ்வாணன் அவன் ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, "கம்பெனிக்குப் போற ஜனத்த எறக்கி வுட்டுட்டு, கொக்கு பாக்க மூணு கெழவனுங்கள ஏத்திகினு போறேன். எவனாச்சும் கேட்டா இன்னா சொல்லுவேன்?" என்று வழியெல்லாம் திட்டினான். கேளம்பாக்கத்தில் டீ குடித்தோம். உனக்குச் சர்க்கரை போடாத டீ வந்ததற்கு அரை மணி நேரம் சண்டை போட்டாய்.

அப்புறம் நடந்ததை இதில் எழுத வேண்டாம்.

தை பிறந்ததும் வா. ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவோம். கரையிலேயே நிற்போம். எனக்கும் வயசு எழுபத்து நாலு ஆகிவிட்டது.

இப்படிக்கு,
சுப்பன் (கைநாட்டு)

---

ஓசூர்
29.11.2024

அன்புள்ள சுப்பனுக்கு,

கடிதம் வந்தது. கவரில் உன் பேரைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பிரிக்காமல் வைத்திருந்தேன். இந்தப் பதிலையும் முத்துச்செல்விதான் உனக்குப் படித்துக் காட்டுவாள் என்று தெரிந்தே எழுதுகிறேன். அம்மா முத்துச்செல்வி, நீ நன்றாக இருக்க வேண்டும்.

எனக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் இரண்டு நாள் ரத்தம் சுத்தம் செய்கிறார்கள். போன மாதத்திலிருந்து அதுவும் ஒத்துவரவில்லை. தை மாதம் எனக்கு வெகு தூரம்.

நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அந்த வருடத்துப் பக்கத்தில் தேதி மட்டும் போட்டிருக்கிறேன். கீழே காலி. கண்ணப்பனைச் சேற்றில் இறங்கச் சொன்னது நான்தான் என்று ஊர் சொன்னது. அவன் மனைவி முனியம்மாள் என் வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். நான் பேசவில்லை. நீ பேசுவாய் என்று ஒரு வருடம் அங்கேயே இருந்தேன். அதற்கப்புறம்தான் பெட்டியைக் கட்டினேன்.

கோபம் எல்லாம் தேய்ந்துவிட்டது, சுப்பா. ஆனால் இந்தப் பழியோடு நெருப்பில் போக மனசு வரவில்லை. அன்று நடந்ததை நீ சொல்லி, அது எழுத்தில் என் கைக்கு வரவேண்டும். யாரை வைத்து எழுதுவாய் என்பது உன் பாடு. சீக்கிரம் அனுப்பு.

உன்,
பரசுராமன்

---

வடக்குப்பட்டு
8.12.2024, ஞாயிறு

பரசு,

உன் கடிதத்தை முத்துச்செல்வி இரண்டு தடவை படித்தாள். "பெரிப்பா, இவரு இன்னா சொல்ல வர்றாரு?" என்று கேட்டாள். ஒரு வாரமாகக் கேட்கிறாள். வேறு ஆளைப் பிடித்து எழுதலாம் என்று பார்த்தேன். என் வீட்டுப் பக்கத்து அறையில் வாடகைக்கு இருக்கும் பேச்சிக்கு எழுதத் தெரியும். ஆனால் இவளுக்குத் தெரியாமல் எழுதினால் அது இன்னொரு பொய். அதனால் இவளையே எழுதச் சொல்கிறேன். எழுதும்மா. நடுவில் நிறுத்தாதே.

நம் ஏரிக்கு வந்த நொண்டிக் கூழைக்கடாவை உனக்குத் தெரியும். இடது கால் மடங்கிப்போனது. கண்ணப்பன் வலையில் பத்துக் கெண்டை விழுந்தால் ஒன்று அதற்கு. வரத்துக் கால்வாயை மூடி லாரி ஷெட் கட்டியதும் அதுவும் வரவில்லை. அன்றைக்குக் கோவளம் கழிமுகத்தில், எட்டத்தில் ஒரு திட்டு மேல் கூழைக்கடா கூட்டம் உட்கார்ந்திருந்தது. கண்ணப்பன் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தான்.

"டேய், ஓரமா கீதே, அது நம்ம நொண்டிடா."

நீ நோட்டைத் திறந்தபடி, "காலைப் பாக்காம எழுத மாட்டேன். பாத்துட்டு வந்து சொல்லு, எழுதிக்கிறேன்" என்றாய். அது உண்மை. போலீசிடமும் முனியம்மாளிடமும் நான் சொன்னது அந்த ஒரு பேச்சை மட்டும்தான்.

சொல்லாமல் விட்டது இது. கண்ணப்பன் உடனே இறங்கவில்லை. என் பக்கம் திரும்பி, "சுப்பா, தரை தாங்குமா?" என்று கேட்டான். நான் முப்பது வருடம் ஏரி மடை திறந்து மூடிய நீர்க்கட்டி. எந்தச் சேறு ஆளை இழுக்கும், எது தாங்கும் என்று குதிகாலை வைத்துச் சொல்வேன். ஊரே அதைக் கேட்டுத்தான் ஏரிக்குள் மாட்டை இறக்கும். அன்றும் குதிகாலை அழுத்திப் பார்த்தேன்.

"தண்ணி வடிஞ்ச நெலம். கெட்டியா கீது. போயிட்டு வா" என்றேன்.

நீ என்னைத் தடுத்தாய். "இது கடலோரம்டா. அந்த மீன்காரர ஒரு வார்த்தை கேளேன்" என்றாய்.

"சேத்தப் பத்தி எனக்கு மீன்காரன் சொல்லணுமா?" என்றேன். கண்ணப்பன் சிரித்துக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டினான்.

நம் ஏரியில் வடிந்த தண்ணீர் அடுத்த மழைக்குத்தான் வரும். கடல் தண்ணீர் அன்றைக்கே திரும்பி வரும் என்று எனக்குத் தெரியாது. அவன் திட்டை நெருங்கும்போது அவனுக்குப் பின்னால், கரைக்கும் திட்டுக்கும் நடுவே வற்றிக் கிடந்த கால்வாய் நிறைந்துவிட்டது. நாம் கத்தினோம். அவன் திரும்பிப் பார்த்து, பறவையைக் கலைக்காதீர்கள் என்று வாயில் விரலை வைத்துக் காட்டினான். அதுதான் அவனை நான் கடைசியாக முழுசாகப் பார்த்தது. திரும்பி வரும்போது கால்வாயில் கால் எட்டவில்லை.

"யாரு சொல்லி எறங்குச்சு எங்க வூட்டு ஆளு?" என்று முனியம்மாள் கேட்டாள். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள், நீர்க்கட்டி ஆயிற்றே. நான் உன்னைப் பார்த்தேன். "பரசுதான் பாத்துட்டு வரச் சொன்னான்" என்றேன். நீ வாயைத் திறப்பாய் என்று பயந்தேன். நீ திறக்கவில்லை. அப்புறம் இந்தப் பெண் வந்து என் தட்டில் சோறு வைத்துப் பெரியப்பா என்றதும், சொல்லும் தைரியம் கொஞ்சமும் மிச்சமில்லாமல் போயிற்று. அந்தச் சோற்றை எட்டு வருடம் தின்றேன்.

முத்துச்செல்வி பேனாவை வைத்துவிட்டாள். முடிக்கிறேன் அம்மா, ஒரு வரி.

கண்ணப்பனை அனுப்பியது நான். நீ இல்லை.

சுப்பன் (கைநாட்டு)

அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதியிருக்கிறேன். – முத்துச்செல்வி

---

ஓசூர்
6.1.2025

திரு. சுப்பன் அவர்களுக்கு,

அப்பா டிசம்பர் பதினேழாம் தேதி காலமானார். பதினாறாம் நாள் காரியம் ஒன்றாம் தேதி முடிந்தது. உங்கள் கடிதம் மூன்றாம் தேதி வந்தது. உள்ளே டிசம்பர் எட்டு என்று எழுதியிருக்கிறது. தபால் முத்திரையில் டிசம்பர் முப்பது. நடுவில் இது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் தினமும், "வடக்குப்பட்டுலேர்ந்து ஏதாச்சும் வந்துச்சாம்மா?" என்று கேட்டார். இல்லை என்று கையை ஆட்டிக் காட்டுவேன். கடைசி இரண்டு நாள் கேட்கவில்லை. உங்கள் கடிதத்தை அவர் படத்துக்கு முன்னால் வைத்துச் சத்தமாகப் படித்தேன். வேறு என்ன செய்வது?

நோட்டை உங்களிடம் சேர்க்கச் சொல்லியிருந்தார். இத்துடன் அனுப்புகிறேன். எனக்கு இனிமேல் நீங்கள் எழுத வேண்டாம்.

சுபஸ்ரீ

---

வடக்குப்பட்டு
19.1.2025, ஞாயிறு

பரசு,

இதை உன் நோட்டிலேயே, நீ காலியாக விட்ட பக்கத்தில் எழுதச் சொல்கிறேன். எழுதுவது பேச்சி. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், போன் கம்பெனியில் லைன் வேலை. "யாருக்கு தாத்தா இது? அட்ரஸ் சொல்லுங்க" என்றாள். அட்ரஸ் இல்லை என்றேன்.

முத்துச்செல்வி அன்று கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனவள்தான். ஞாயிறு ஞாயிறாகக் கதவைப் பார்த்தபடி இருக்கிறேன். தெருவில் எதிரே வந்தால் அந்தப் பக்கம் இறங்கிப் போகிறாள். அவள் கையில் அது இருபத்திரண்டு நாள் இருந்தது. நான் கேட்கவில்லை. என்னிடம் எட்டு வருடம் இருந்தது.

பொங்கலுக்கு மறுநாள் முனியம்மாள் வந்து வாசலில் நின்றாள். மண்ணை வாருவாள் என்று எழுந்து நின்றேன். வாரவில்லை. "ஒரு நாளு, ஒரே ஒரு நாளு சொல்லியிருந்தா, அந்த மனுசன் ஊருலயே இருந்திருப்பாரு" என்றாள். போய்விட்டாள்.

அன்றைய கணக்கு எனக்கு மறக்கவில்லை. எழுதிக்கொள். பூநாரை இருநூற்றுப் பதினொன்று. ஆளாப் பறவை நாற்பத்தாறு. கூழைக்கடா பதினேழு. தண்ணீர் ஏறியதும் அவை திட்டின் உச்சிக்கு நடந்தன. நீ கண்ணப்பனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாய். நான் பறவையைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை, எண்ணுகிற பழக்கம். பதினேழும் இரண்டு காலால் நடந்தன. நொண்டி அதில் இல்லை. இதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

வந்தவர்கள் பேரைக் கடைசியில் நீ எழுதுவாய். இன்றைக்கு நான் சொல்கிறேன்.

கண்ணப்பன், அன்றே போனான்.
தமிழ்வாணன், கொரோனாவில் போனான்.
பரசுராமன், மார்கழி இரண்டாம் நாள் போனான்.
இருப்பது,
சுப்பன்