கால் ஊன்றாத குடிசை

ஆத்தூர்
5.8.1962

அன்புள்ள அண்ணன் பொன்னழகுவுக்குத் தங்கை சுந்தரம் எழுதியது. நலம் என்று எழுதத்தான் ஆசை, இடுப்பு வலி விடமாட்டேன் என்கிறது. மதினியும் உன் மகள் அங்காளும் சுகமா?

அவர் போய் வருஷம் திரும்பிவிட்டது. மல்லிகைத் தோட்டத்தை இன்னும் பாகம் பிரித்து எழுதவில்லை. கொழுந்தன் மொக்கைச்சாமி, “நீங்க ஏன் மதினி வெயில்ல கிடந்து அல்லாடுறீக, வீட்டோட இருங்க” என்று நயமாகப் பேசுகிறார். பேசிவிட்டு மாட்டை அவிழ்த்துச் செடிக்குள் விடுகிறார். அதனால் தோட்டத்திலேயே இருந்துவிடப் போகிறேன். ஐப்பசியில் ஊர்ப் பெரியவர்கள் வந்து பார்த்து, தோட்டம் யார் அனுபவத்தில் இருக்கிறதென்று சொல்வார்களாம்.

குடிசை போடுகிறேன் என்றதற்கு நீ, “கொளுத்திருவான் தாயி. மடக்கித் தூக்குற மாதிரி செஞ்சுக்க. காலை மண்ணுல ஊனாத, கறையான் ஏறும்” என்றாய். சரி, அப்படியே. ஆனால் இந்த மாதம் நீ இரண்டு தடவை மொக்கைச்சாமி வீட்டுக்கு வந்து போனாயாமே. என் வீடு மட்டும் உனக்கு வழியில் தட்டுப்படவில்லையா?

என்ன மூங்கில், என்ன துணி, எதை வைத்து ஒட்டுவது என்று விவரமாக எழுது.

உன் தங்கை
சுந்தரம்

திண்டுக்கல்
11.8.1962

அன்புத் தங்கை சுந்தரத்துக்கு அண்ணன் ஆசீர்வாதம்.

மொக்கைச்சாமியிடம் உனக்காகப் பேசத்தான் போனேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அதற்குப் போய் இம்புட்டுக் கோபமா?

மூங்கில் கல்மூங்கிலாக இருக்கட்டும். தேய்பிறையில் வெட்டினதா என்று கேட்டு வாங்கு. வளர்பிறையில் வெட்டினதை வண்டு துளைத்து மாவாக்கிவிடும். கித்தான் துணி கனம், உன்னால் சுமக்க முடியாது. காடாத்துணியை இரண்டு மடிப்பாகப் போட்டு, நடுவில் புளியங்கொட்டைப் பசை தடவி ஒட்டு. பசை காய்ச்சும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடு, இல்லாவிட்டால் கரப்பான் தின்றுவிடும். காய்ந்தபின் மேலே ஆளிவிதை எண்ணெய் இரண்டு பூச்சு. மடங்குகிற இடத்துக்கு இரும்புக் கீல் வேண்டாம், துருப்பிடிக்கும். தோல் வார் அனுப்புகிறேன். அதை மூங்கிலோடு ஒட்ட வச்சிரப் பசையும் அனுப்புகிறேன். எங்கள் தார்ப்பாய்க் கடையில் எப்போதும் இருக்கும்.

மறுபடியும் சொல்கிறேன், கால் மண்ணில் இறங்க வேண்டாம். நாலு தட்டைக் கல் போட்டு அதன்மேல் நிறுத்து.

உன் அண்ணன்
பொன்னழகு

ஆத்தூர்
2.9.1962

அண்ணனுக்கு,

நீ அனுப்பின வச்சிரத்தைக் காய்ச்சி ஒரு வாரை ஒட்டிப் பார்த்தேன். காய்ந்ததும் கல்லாகப் பிடித்தது. நான்தான் சந்தேகப்பிராணி ஆயிற்றே, வாய்க்கால் தண்ணீரில் ஒரு பகல் ஊறப் போட்டேன். சாயங்காலம் எடுத்தால் வார் தனியாக, மூங்கில் தனியாக, நடுவில் கொழகொழவென்று கஞ்சி. இன்னொரு வாரை வெயிலில் வைத்திருந்தேன், அதைத் தெருநாய் கவ்விக்கொண்டு போய்விட்டது.

பதினைந்து வருஷமாகத் தார்ப்பாய் தைக்கிறவனுக்கு மழையில் எது நிற்கும் என்று தெரியாதா? அடைமழையில் அது என் தலையில் விழ வேண்டுமென்று யாருக்கு ஆசை? உன்னைப் போய்ச் சந்தேகப்படுவது எனக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

சுந்தரம்

திண்டுக்கல்
6.9.1962

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்தே படித்தேன். முதலாளி அப்துல் ஜப்பார் பாய் பிடித்துக்கொண்டார். “ஏம்ப்பா, வச்சிரத்தைப் போய் மழைக்குக் குடுப்பாகளா? அது மேசை நாற்காலிக்குல்ல. தைக்கத் தெரிஞ்சவனுக்கெல்லாம் ஒட்டத் தெரியுமா?” என்றார். உண்மைதான். எனக்கு ஊசி வேலைதான் தெரியும், ஒட்டுகிற வேலை அவர் பார்ப்பது. கேட்காமல் அனுப்பினது என் தப்பு.

பஸ் கண்டக்டர் அருளப்பனிடம் சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் மூன்று டப்பா கொடுத்திருக்கிறேன். தோலையும் மூங்கிலையும் உப்புத்தாளால் தேய். இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவு. உடனே ஒட்டாதே, அவசரக்காரி நீ. விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, அப்புறம் அமுக்கு. அதன்மேல் மெழுகு நூலால் சுற்றிக் கட்டு. துணித் தையல் மேலும் ஒரு கோடு தடவு.

இந்த ஒட்டு வேலையில் உனக்கு வஞ்சகம் நினைத்திருந்தால் என் கை அழுகட்டும்.

பொன்னழகு

ஆத்தூர்
21.10.1962

அண்ணனுக்கு,

நாலு நாளாக அடைமழை. குடிசைக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. வச்சிரத்துக்காக உன்னைப் பேசினதற்கு மன்னித்துக்கொள் என்று எழுத வியாழக்கிழமையே இன்லண்ட் வாங்கி வைத்தேன். எழுதாமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

வெள்ளிக்கிழமை பெரியவர்கள் வந்தார்கள். குடிசையைச் சுற்றி வந்துவிட்டு ஒருவர் கேட்டார். “ஏத்தா, கால் நட்ட குழி எங்க?” குழி இல்லை, கல்லின்மேல் நிற்கிறது என்றேன். “அப்ப இது குடிசை இல்லையே, குடைதானே. குடை பிடிச்சுக்கிட்டு நிக்கிற இடமெல்லாம் சொந்தமாயிருமா?” என்றார். கால் நட்டு அடுப்பு மூட்டினால்தான் குடியிருக்கிறவளாம். மடக்கித் தூக்குகிறவள் வந்து போகிறவளாம். ஐப்பசிப் பௌர்ணமிக்கு மறுபடி வந்து முடிவு சொல்வார்கள்.

மொக்கைச்சாமிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “கால் ஊனாதுன்னு பொன்னழகு மச்சான் ஆடியிலயே வாக்குக் குடுத்துட்டாரே மதினி” என்றார். அவர் மகன் ராமருக்கும் அங்காளுக்கும் வெற்றிலை மாற்றியாகிவிட்டதாம். அத்தைக்காரி நான், எனக்குச் சொல்லக்கூட இல்லை.

நான் முட்டாள். மூன்று மாதமாகப் பசையையே மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்வது பொய் என்று ஒரு வரி எழுது அண்ணே, நம்பிவிடுகிறேன்.

சுந்தரம்

திண்டுக்கல்
25.10.1962

அன்புத் தங்கைக்கு,

பொய் இல்லை.

அங்காளுக்கு இருபத்திரண்டு ஆகிறது. வந்த இடமெல்லாம் தட்டிப்போனது உனக்கே தெரியும். மொக்கைச்சாமி, “தங்கச்சி தோட்டத்துல கால் ஊனினா உன் மக என் வாசல்ல கால் வைக்க முடியாது” என்றான். நான் சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. உனக்கு நிலம் போனாலும் நனையாமலாவது இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஒட்டையும் யோசித்து யோசித்து எழுதினேன். அது மட்டும் நிஜம்.

தையில் முகூர்த்தம். அதுவரை பொறுத்துக்கொள் தாயி. கழுத்தில் தாலி ஏறட்டும், அப்புறம் உன் பக்கம் நின்று நானே பேசுகிறேன். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

அண்ணன்

ஆத்தூர்
14.11.1962

பொன்னழகு அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று அழுதேன். மறுநாள் கடப்பாரை எடுத்தேன். நாலு குழி, முழங்கை ஆழம். குடிசைக் காலை இறக்கி, கல் போட்டு இடித்து இறுக்கியாகிவிட்டது. அடுப்பும் மூட்டினேன். பௌர்ணமிக்கு முதல் நாள் பெரியவர்கள் வந்து, பாகம் எழுதுகிறவரை தோட்டம் என் அனுபவம்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மொக்கைச்சாமி அன்றைக்கே வெற்றிலையைத் திருப்பி அனுப்பியிருப்பார்.

அங்காள் செய்த தப்பு ஒன்றுமில்லை. என்னைத் திட்டினால் திட்டட்டும். அவளுக்கு என் தோட்டத்தில் எப்போதும் இடம் உண்டு, பஸ் ஏற்றி அனுப்புங்கள்.

நீங்கள் வர வேண்டாம். வந்தாலும் வரப்பில் நின்று பேசிவிட்டுப் போய்விடுங்கள். என் அடுப்பில் உங்களுக்கு நான் உலை வைக்க மாட்டேன்.

இப்படிக்கு
தங்கமுத்து சம்சாரம் சுந்தரம்மாள்