கைகள் உள்ள தகப்பன்

சான்பீட் பள்ளத்தாக்கு, யூட்டா
ஜூன் 23, 1958

அன்பு மகன் வெர்லுக்கு,

அம்மா ஆர்வில்லா ஆயிரம் முத்தங்களோடு எழுதுவது. உன்னிடம் இருக்கும் ஒரே நல்ல கோட்டை, பிரசங்க ஊழியம் செய்யப் போன டென்மார்க்கில் எந்த ரயிலிலும் மறந்து வைத்துவிட்டு வரவில்லை என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம். முதல் வைக்கோல் அறுப்பு முடிந்தது. போன வாரம் இடி இடித்தபோது வான்கோழிக் குஞ்சுகள் பயந்து ஒரே மூலையில் குவிந்து ஒன்றையொன்று நசுக்கிக்கொண்டன. அப்பா கொட்டகைக்குள் பாய்ந்து இரண்டு கையாலும் அள்ளி அள்ளி வெளியே போட்டதில் பாதிக்கு மேல் பிழைத்தன. அன்று முழுக்க அவர் தும்மிக்கொண்டே இருந்தார். இரும்பு மனிதன் என்று ஊரில் அவருக்குப் பெயர், கோழி இறகு பட்டால் போதும்.

இனி பெரிய செய்தி. உன் அக்கா தோராவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. போன வியாழக்கிழமை மான்டி ஆலயத்தில் அவளும் எல்டனும் சாவுக்குப் பிறகும் கணவன் மனைவியாக, என்றென்றைக்குமாக முத்திரிக்கப்பட்டார்கள். தந்தி கொடுக்கலாம் என்று அப்பா சொன்னார். தந்தியில் அடங்கும் கதை இல்லை இது, நான் உட்கார்ந்து எழுதுகிறேன் என்று தடுத்துவிட்டேன். இந்தக் கல்யாணம் நடக்காமலே போயிருக்கும் என்பது உனக்குத் தெரியாது.

ஆலயத்துக்குள் போக வேண்டுமானால் முதலில் பிஷப்பும் பிறகு சபையின் வட்டாரத் தலைவரும் விசாரித்துச் சம்மதிக்க வேண்டும் அல்லவா? பிஷப் தோராவைத் தொட்டிலிலேயே பார்த்தவர். ஐந்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். எல்டனுக்கும் பிரோவோவில் சுலபமாக முடிந்தது. அவன் அங்கே செய்தித்தாள் அச்சகத்தில் வேலை செய்கிறான். தோராவைப் போலவே அவனுக்கும் காது கேட்காது என்பதால் இயந்திரச் சத்தம் அவனை ஒன்றும் செய்வதில்லை. அங்குள்ள தலைவருக்கு அவனைப் பத்து வருடப் பழக்கம். நம் வட்டாரத்துக்கு வந்திருக்கும் புதுத் தலைவர் ஆல்ரெட்டுக்குத் தோராவைத் தெரியாது. ஆட்டு மந்தை வைத்திருப்பவர், நேர்மையானவர், நிதானமாகப் பேசுபவர். தேவாலய அலுவலக அறைக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்ததால் அவரே நம் வீட்டுக்கு வந்தார். சமையலறை மேசையில் உட்கார வைத்து ரூபார்ப் தண்டு வைத்துச் சுட்ட பலகாரத்தை வெட்டிக் கொடுத்தேன். தோரா எதிரே உட்கார்ந்தாள். அப்பா கதவருகில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர் தோராவைப் பார்த்து ஒரு முறை புன்னகை செய்தார். பிறகு என் பக்கம் திரும்பிக்கொண்டார். “சிஸ்டர் மோர்ட்டன்சன், மனசுல பட்டத சொல்லிடறேன். உங்க பொண்ணு நல்ல பொண்ணு. ஆனா ஆலயத்துல செய்யற உடன்படிக்கை சின்ன விஷயம் இல்ல. ரெண்டு வயசுல காய்ச்சல் வந்து காது போன பிள்ளை. ஒரு பிரசங்கம் கேட்டதில்ல, ஒரு பாட்டு கேட்டதில்ல. கடவுள்னா யாருன்னு இவளுக்கு எந்த அளவுக்குப் புரியும்? படத்துல தாடி வச்சவர்னு மட்டும் தெரிஞ்சா போதாதே. இப்போதைக்கு வீட்லயே கல்யாணத்த முடிங்க. ஒரு வருஷம் பாடம் நடத்தி, அப்புறம் பாக்கலாம்” என்றார்.

நம் ஊரில் ஒரு பெண் ஆலயத்துக்குப் போகாமல் வீட்டில் கல்யாணம் செய்துகொண்டால் ஜனங்கள் விரல்விட்டு மாதத்தை எண்ணுவார்கள், உனக்குத் தெரியும். அதைவிட, மரணம் வரைக்கும் மட்டும் என்று என் பெண்ணை ஒருவன் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பாவம், அந்த மனிதருக்கு ஒன்று தெரியாது. அவருக்கு மீசை இல்லை. உதடும் தெளிவாக அசையும். அவர் பேசிய ஒவ்வொரு சொல்லையும் தோரா வாசித்துக்கொண்டிருந்தாள்.

மேசையை ஒரு தட்டுத் தட்டினாள். பலகாரம் வைத்திருந்த தட்டு குதித்தது. பிறகு என்னிடம் கையால் சொன்னாள்: “அம்மா, நான் சொல்றத அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை கூட்டாத, குறைக்காத. எனக்காகக் கெஞ்சாத.” கெஞ்சாதே என்றதையும் சேர்த்தே சொன்னேன். தலைவரின் காது சிவந்துவிட்டது. “என்கிட்டயே கேளுங்க தலைவரே. புரியுதா இல்லையான்னு நீங்களே பாத்துக்கலாம்” என்றாள்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். நாற்காலியை முழுசாக அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. “சரி. கடவுள் யாரும்மா?” என்று கேட்டார்.

வெர்ல், உன் அக்காவின் கைகளை நீ அப்போது பார்த்திருக்க வேண்டும். நான் சொல்லால் எழுதுவது அதில் பாதிகூட இல்லை. அவள் சொன்னாள்: “சின்ன வயசுல கடவுள்னா ஒரு குரல்னு நினைச்சேன். எல்லாரும் அவர் குரல் குரல்னுதான் சொன்னீங்க. அப்ப அவர் எனக்கு இல்லன்னு முடிவு பண்ணிட்டேன். அப்புறம் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிஞ்சதும் தோப்புல நடந்தத நானே படிச்சேன். பின்னாடி நம்ம சபையத் தொடங்கின ஜோசப், அப்ப பதினாலு வயசுப் பையன், முழங்கால் போட்டு ஜெபம் பண்றான். அவன் முன்னாடி ரெண்டு பேர் வந்து நிக்கறாங்க. புகை இல்ல, வெறும் வெளிச்சம் இல்ல. உடம்போட ரெண்டு பேர். தகப்பன் அவன் பேரச் சொல்லிக் கூப்பிட்டார்னு நீங்க எல்லாரும் சொல்வீங்க. அதுக்கு அடுத்து என்ன செஞ்சார்னு யாராவது கவனிச்சீங்களா?”

தோரா எழுந்து நின்றாள். கையை நீட்டிப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைக் காட்டினாள், அங்கே ஒருவர் நிற்பதைப் போல. “காட்டினார். இவர்தான் என் மகன்னு கையால காட்டினார். தலைவரே, அது எங்க பாஷை. எங்களுக்கு முதல் வார்த்தையே காட்டறதுதான். நம்ம தகப்பனுக்குச் சதையும் எலும்புமா உடம்பு இருக்குன்னு நம்ம ஜனங்க நம்பறாங்க. மத்தவங்க அதுக்காக நம்மள கேலி பண்றாங்க. எனக்கு அது கேலி இல்ல. உடம்பு இருந்தா கை இருக்கும். கை இருந்தா அவர் என்கிட்ட பேசுவார்.”

கூட்டாதே என்று அவள் சொன்னதற்காக மூக்கைக்கூட உறிஞ்சாமல் சொல்லி முடித்தேன்.

ஆனால் ஆல்ரெட் லேசில் விடவில்லை. அதுவும் சரிதான். பரிசுத்த ஆவியானவருக்கு உடம்பு இல்லையே, அவர் சொல்வதை எப்படித் தெரிந்துகொள்வாய் என்றார். தோரா நெஞ்சில் கை வைத்தாள். “போன மாநாட்டுல நீங்களே சொன்னீங்க, அம்மா எனக்குக் கையால சொன்னா. மந்தைய விட்டுட்டுப் போய்டலாமான்னு ஜெபம் பண்ணப்ப நெஞ்சுல சூடா இருந்துச்சுன்னு. அந்தச் சூட்ட நீங்க காதாலயா கேட்டீங்க?”

தலைவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். கதவருகில் அப்பாவும் கனைத்துக்கொண்டார்.

பிறகு, சாவுக்கு அப்பால் நாம் யாராக ஆகப்போகிறோம் என்று கேட்டார். அவள் கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள்: “பிள்ளைங்க அப்பா மாதிரி வளருவாங்க. வான்கோழிக் குஞ்சு வான்கோழியாத்தானே ஆகும்? நாமும் வளர்ந்துகிட்டே இருப்போம், முடிவே இல்லாம. அதுக்குத்தான் எனக்கு எல்டன் எப்பவும் வேணும், சாவு வரைக்கும் போதாது. இன்னொண்ணு. அப்பா இருந்தா அம்மாவும் இருக்கணும். பரலோகத்துல நமக்கு ஒரு தாய் இருக்காங்கன்னு பாட்டுல பாடறீங்க, அப்புறம் அவங்களப் பத்தி எல்லாரும் மௌனமாயிடறீங்க. எனக்கு அது பரவால்ல. மௌனமா இருக்கறவங்கள எனக்கு நல்லாப் பழக்கம்.”

அடுப்பில் தண்ணீர் கொதித்து வழிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது என்று நினைக்காதே. பூமி உண்டாவதற்கு முன்னால் தகப்பன் எப்படி இருந்தார் என்று கேட்டபோது தோளைக் குலுக்கி, “தெரியாது” என்றாள். “எனக்கும் தெரியாது” என்றார் அவர். உயிர்த்தெழும் நாளில் உனக்குக் காது கேட்கும் அம்மா, அதில் சந்தேகமே இல்லை என்று ஆறுதலாகவும் சொன்னார். அவள் முகம் மலர்ந்தது, மறைக்கவில்லை. “கேக்கட்டும். அம்மா பாடறது எப்படி இருக்கும்னு பாக்கணும். ஆனா அன்னைக்கும் எனக்குக் கையும் இருக்கும்ல? நான் அப்பாகிட்ட கையாலதான் பேசுவேன்” என்றாள்.

இங்கேதான் தலைவர் தன் மனத்தில் இருந்ததைச் சொன்னார். சில வருடங்களுக்கு முன்னால் ஓர் இளைஞனுக்குச் சரியாக விசாரிக்காமல் சம்மதம் எழுத அவரும் துணையாக இருந்தாராம். அவன் என்ன வாக்குக் கொடுத்தான் என்பதே புரியாமல் போய், மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு நெவாடாவுக்கு ஓடிவிட்டானாம். அந்தப் பெண்ணின் முகம் இன்னும் தூங்க விடுவதில்லை என்றார்.

அப்பா அப்போதுதான் முதல் முறையாக வாயைத் திறந்தார். “அவனுக்குக் காது நல்லாத்தானே கேட்டுச்சு?”

அவ்வளவுதான். ஆல்ரெட் அப்பாவையே பார்த்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். “ரூயல், உம் பொண்ணப் பத்தி நீ ஏதாவது சொல்லணுமா?” என்றார். “எங்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க? இவ்வளவு நேரமா அவதானே பேசிக்கிட்டிருக்கா” என்ற அப்பா, தோராவைப் பார்த்துக் கையை உயர்த்தி ஏதோ சொன்னார். அவருக்கு அறுவடை இயந்திரத்தில் ஒரு விரல் போனது முதல் சில எழுத்துகள் அரைகுறையாகத்தான் வரும். ‘எங்கப்பாவுக்குத் திக்குவாய்’ என்று தோரா தோழிகளிடம் சொல்வாளே, அந்தக் கை. அவர் என்ன சொன்னார் என்பதை நான் தலைவருக்கு மொழிபெயர்க்கவில்லை. அது அவர்கள் இருவருக்குள் உள்ளது.

தலைவர் அந்த மேசையிலேயே கையெழுத்துப் போட்டார். பலகாரத்திலும் இன்னொரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டார். அதோடு நிற்கவில்லை. அடுத்த நாளே மான்டிக்குத் தன் லாரியை ஓட்டிக்கொண்டு போய், இந்தப் பிள்ளைகள் வரும்போது தாயார் அருகில் நின்று எல்லாவற்றையும் கையால் சொல்ல வேண்டும், வெளிச்சம் முகத்தில் படும் இடமாகத் தர வேண்டும் என்று பெரியவர்களிடம் பேசி அனுமதி வாங்கிவந்தார்.

உள்ளே நடந்ததை எழுதக் கூடாது, எழுதவும் மாட்டேன். நீயே ஒருநாள் அறிவாய். இதை மட்டும் சொல்லலாம். முத்திரிக்கும் மேடையில் இருவரும் எதிரெதிரே முழங்காலிட்டபோது அவர்களின் வலது கைகள் பிணைந்திருந்தன. பதில் சொல்லும் நேரம் வந்தபோது பேசுவதற்கு அவர்களுக்கு ஒரு கைதான் மிச்சம். அந்த ஒரு கையால் அவள் ‘சம்மதம்’ என்றதைப் போல உறுதியாக ஒருவர் சம்மதம் சொல்லி நான் பார்த்ததில்லை. அறையில் இருந்த வயதான ஊழியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைப் பெற்றதற்கு என் தாய் இப்படிப் பெருமைப்பட்டிருப்பாளா, தெரியவில்லை. தோராவைப் பெற்றதற்கு நான் பட்டேன்.

வெளியே குன்றின் புல்வெளியில் ஆல்ரெட் தன் மனைவியோடு வந்து நின்றார். யாரிடமோ கேட்டு ஒரு வாரமாகப் பழகிய ஒரே சொல்லோடு வந்திருந்தார். முகவாயில் கை வைத்து முன்னால் கொண்டுவந்தால் ‘நன்றி’. அவர் முகவாய்க்குக் கீழே வைத்து ஆட்டிவிட்டார். மிகுந்த மரியாதையோடு, தொப்பியைக் கழற்றி, என் பெண்ணைப் பார்த்து ‘வான்கோழி’ என்றார். எல்டனின் நண்பர்கள் புல்லில் உருண்டார்கள். தோரா அவர் கையைப் பிடித்து, சரியான இடத்தில் வைத்துக் காட்டினாள். மாதர் சங்கத்தார் கேரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லி மட்டும் ஏழெட்டுப் பாத்திரம் கொண்டுவந்திருந்தார்கள், நீ இல்லாததால் மீந்துபோனது.

வெர்ல், உன் போன கடிதத்தின் கடைசிப் பத்தியை நான் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. தட்டுகிற கதவுகள் எல்லாம் மூடிக்கொண்டே இருக்கின்றன, ஜெபம் செய்தாலும் எனக்கு ஒன்றும் கேட்பதில்லை, சாட்சி சொல்ல நின்றால் பொய் சொல்வதைப் போல இருக்கிறது என்று எழுதியிருந்தாய். உனக்குப் பிரசங்கம் செய்யும் தகுதி எனக்கு இல்லை. தோராவுக்கு மட்டும் அதைக் காட்டினேன், கோபித்துக்கொள்ளாதே. அவள் இரண்டு முறை வாசித்தாள். “அவன் காதாலேயே தேடறான்னு எழுது” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “வேணாம், அது அறிவுரை மாதிரி இருக்கு. நான் அவனுக்காக ஜெபம் பண்றேன்னு எழுது” என்றாள். இரண்டையும் எழுதிவிட்டேன்.

ஊழியத்தைப் பாதியில் விட்டுத் திரும்பி வருகிறவர்களைப் பற்றி இந்த ஊர் என்ன பேசும் என்று நீயும் அறிவாய், நானும் அறிவேன். பேசட்டும். நீ நாளையே வந்தாலும் அப்பா நெஃபை ரயில் நிலையத்தில் பெட்டியை வாங்கிக்கொள்ள நிற்பார், வழியில் ஒரு கேள்வியும் கேட்க மாட்டார். நின்று முடித்துவிட்டு வந்தாலும் அதே நிலையம்தான், அதே அப்பாதான். இரண்டில் எதற்கும் என் பெருமை கூடப் போவதும் இல்லை, குறையப் போவதும் இல்லை.

உன்னைப் பெயர் சொல்லி அறிந்தவர் தம் கையை உன் தலைமேல் வைத்திருக்கட்டும். அதன் பாரம் உனக்குத் தெரியும் நாள் சீக்கிரம் வரட்டும். அதுவரைக்கும் என் கை அங்கே இருப்பதாக நினைத்துக்கொள், மகனே. சாப்பிடாமல் படுக்காதே.

உன் அன்புத் தாய்,
ஆர்வில்லா மோர்ட்டன்சன்