தகட்டில் பொட்டாசியம்

பதிவு, 211-ஆம் நாள். 09:10
இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் பேச்சிமுத்து, இந்த விண்கப்பலின் ஒரே ஆள். அணு உலை ஒரு டங்ஸ்டன் தகட்டைச் சூடாக்குகிறது. அதில் படியும் சீசியம் அயனியாகி வெளியேறும். அந்த உந்துதலில்தான் கப்பல் ஓடுகிறது. ஓர் அயனி தகட்டில் எவ்வளவு நேரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அளப்பது என் வேலை. இன்று 900 டிகிரியில் 40 மைக்ரோநொடி. தரைநிலைய இயக்குநர் சடகோபனுக்கு இது புரியாது. அவருக்கு ரிப்பன் வெட்டத் தெரியும்.

பதிவு 212. 09:25
தகட்டிலிருந்து வரும் அயனிகளின் நிறை வரைபடத்தில் வேண்டாத மேடு. நிறை 39: பொட்டாசியம். சாம்பலில் நிறைய உண்டு. ஏவுவதற்கு முன் ஆயுதபூஜை கொண்டாடினார்கள். கருவிக்கெல்லாம் திருநீறு, சந்தனம். என் தகட்டையும் விட்டுவைக்கவில்லை. பட்டம் வாங்கிய மூடர்கள். 1,500 டிகிரிக்கு ஏற்றி எரித்துவிடுகிறேன்.

பதிவு 215. 10:00
மூன்று நாளாக எரிக்கிறேன். மேடு கூடுகிறது. குழைத்துப் பூசியிருக்கிறார்கள், நுண்துளைக்குள் இறங்கியிருக்கும். தரைக்கு அனுப்பினேன்: "யார் பூசியது? பெயர் வேண்டும்."

பதிவு 216. 11:40
பதில், கருவிக்கூடத்துச் செல்லக்கனியிடமிருந்து: "சார், நீங்க திட்டுவீங்கன்னு தகட்டுப் பக்கமே யாரும் போகல. வெளி உறைக்குத்தான் பொட்டு வெச்சோம். திருநீறுன்னா சூடு ஏத்த ஏத்தக் குறையணுமே? நிறை 23-லயும் சோடியம் மேடு இருக்கான்னு பாருங்க. உலையைக் குளிர வைக்கிறதும் சோடியம் பொட்டாசியம் கலவைதான். அந்தக் குழாய் தகட்டுக்குப் பின்னாடிதான் போகுது. சூட்டைக் கொறைங்க சார்."
கருவி துடைக்கிற பெண் எனக்கு அயனிப் பாடம் எடுக்கிறாள். இன்னும் ஏற்றுகிறேன். 1,600 டிகிரி.

பதிவு 217. 08:50
23-ஐப் பார்த்தேன். சோடியம். முதல் நாளே இருந்திருக்கிறது. 39-ஐப் பார்த்துச் சிரித்த அவசரத்தில் பக்கத்தில் பார்க்கவில்லை. குழாய் கசிகிறது. நான் ஏற்றிய சூடு விரிசலை அகலப்படுத்தியிருக்கிறது. வால்வை மூடினேன், விரிசல் வால்வுக்கும் உலைக்கும் இடையில் இருப்பதால் கசிவு நிற்கவில்லை. என்னைப் போன்ற மடையனை நான் பார்த்ததில்லை.

பதிவு 217. 13:05
செல்லக்கனி: "உலையை அணைங்க சார். இயக்குநரும் இங்கதான் நிக்கிறாரு. ஏதாவது பேசுங்க சார்."
அணைக்கும் தண்டுகள் பாதியில் சிக்கிவிட்டன. அவள் சொன்னதுதான் சரி என்று அனுப்பினேன். பயமாக இருக்கிறது.

பதிவு 217. 15:30
உலை வெப்பம் ஏறுகிறது. 39 இறங்குகிறது. பாதி. கால்.
பூச்சியம். ஆறு நாளாக நான் கேட்ட சுத்தமான தகடு. குழாயில் இனிக் கசிய ஒன்றும் இல்