கேட்டுக்கு வெளியே

காலடிப்பேட்டை,
12.2.2024

என் அருமை மெஹ்னாஸுக்கு,

கம்பெனி மெயிலில் எழுதினால் நாலு பேர் படிப்பார்கள். அதனால்தான் தபால். மும்பை தலைமை அலுவலகத்தில் நாற்காலி கிடைத்ததும் நாம் சேர்ந்து வேலை பார்த்த கன்டெய்னர் யார்டை அடியோடு மறந்துவிட்டாய். வயிறெரியத் திட்டலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நல்ல செய்தி இருப்பதால் பிழைத்தாய்.

நாம் இருவரும் போட்ட திட்டம் பலித்துவிட்டதடி! பெட்டி எடுக்க வரும் லாரி திரும்பிப் போக நாலு மணி நேரம் ஆகுமே, இப்போது இரண்டரைதான். மறுநாள் போகவேண்டிய பெட்டிகளை முந்தின நாளே அடுக்கின் மேலே எடுத்து வைத்துவிடுகிறோம். முதலில் முணுமுணுத்த கிரேன் டிரைவர் உசேன் பாய், இப்போது தானாக வந்து "நாளைக்கு எதெல்லாம் போவுதுக்கா?" என்று கேட்கிறார்.

இன்னும் ஒரு வருடம் கொடு, இரண்டு மணி நேரத்துக்குக் கொண்டுவருகிறேன். இருக்கிற நாலு கிரேனை வைத்துக்கொண்டு அதற்குக் கீழே யாராலும் முடியாது. மேலிடத்தில் பேசும்போது இதை மறக்காமல் சொல். உஸ்மா குட்டிக்கு என் முத்தம்.

உன் ரெஜினா

*

மும்பை,
3.3.2024

ரெஜி செல்லம்,

திட்டாமல் படி. இரண்டு மணி நேரம், அதற்கும் ஒரு வருடம் என்று சொன்னதும் மீட்டிங்கில் ஒருவர் சிரித்துவிட்டார். எனக்கு என்ன வந்ததோ, "ஒரே ஒரு மணி நேரம், அடுத்த மாதத்திலிருந்தே" என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் கை தட்டினார்கள். இனி சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்க முடியாது.

வழி ஒன்று இருக்கிறது. கேட்டில் டோக்கன் போடும்போதுதானே லாரியின் நேரம் ஓடத் தொடங்குகிறது? உள்ளே கிரேன் காலியான பிறகு டோக்கன் போடு. அதுவரை லாரி ரோட்டில் நிற்கட்டும். பொய்யான எண் எதையும் நீ எழுதப்போவதில்லை. ஆறு மாதம் போதும், அதற்குள் புதுக் கிரேன் வாங்கித் தருகிறேன். இது நடக்காவிட்டால் என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் ரெஜி. உஸ்மாவை வைத்துக்கொண்டு இந்த ஊரில் நான் தனியாக என்ன செய்வேன்?

உன்னையே நம்பியிருக்கும்,
மெஹ்னாஸ்

*

காலடிப்பேட்டை,
20.6.2024

அன்புள்ள மெஹ்னாஸ்,

நீ கேட்டதைச் செய்துகொண்டிருக்கிறேன். மூன்று மாதமாக அறிக்கையில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. உனக்குச் சந்தோஷமாக இருக்கும். எனக்குக் கேட் பக்கம் போகவே கூசுகிறது.

நேற்று லாரி டிரைவர் ராமதாஸ் என் ஜன்னலில் வந்து நின்றார். "இன்னாக்கா இது? காத்தால வந்தவன், இன்னும் ரோட்லயே நின்னுகினு கீறேன். தண்ணி இல்ல, ஒதுங்க எடமில்ல. உள்ள வந்தா டக்குனு அனுப்பிடுறீங்க. உள்ள வுடறதுக்கு இன்னா பேஜாரு உங்களுக்கு?" என்றார். சிஸ்டம் கோளாறு என்று சொன்னேன். அவர் நம்பி, "சரிக்கா, நீ இன்னா பண்ணுவ" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு மணி நேரக் கணக்கை நம்பி, கம்பெனி இன்னும் இரண்டு கப்பல்காரர்களின் பெட்டிகளையும் ஒப்புக்கொண்டதாம். யாரைக் கேட்டு? வரிசை இப்போது பஸ் ஸ்டாப்பைத் தாண்டிவிட்டது. புதுக் கிரேன் எப்போது வரும்? இதற்காவது உடனே பதில் போடு.

ரெஜினா

*

மும்பை,
9.9.2024

அன்புள்ள ரெஜினா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நம் யார்டுக்கு இந்த ஆண்டின் சிறந்த யார்டு விருது கிடைத்திருக்கிறது. மேடையில் நான் வாங்கினேன். உன் பெயரையும் சொன்னேன்.

கிரேன் இப்போதைக்கு இல்லை. ஒரு மணி நேரத்தில் வேலை முடிகிறதென்றால் நாலு கிரேன் எதற்கு, இரண்டாவது ஷிப்ட் எதற்கு என்று கேட்கிறார்கள். நான் என்ன சொல்ல முடியும்? அதெல்லாம் தேவை என்று சொன்னால், நாம் காட்டிய எண் பொய் என்றாகிவிடும். பதினோரு பேரைக் குறைக்க வேண்டியிருக்கிறது. யார் யார் என்று நீயே எழுதி அனுப்பு. ஆட்களை உனக்குத்தான் தெரியும், நியாயமாகவும் செய்வாய்.

மெஹ்னாஸ்

*

காலடிப்பேட்டை,
17.9.2024

மெஹ்னாஸ்,

ஆள் குறைப்புச் செய்தி எனக்கு முன்பே யார்டுக்குத் தெரிந்துவிட்டது. உசேன் பாய் கேட்டார்: "ஒரு மணி நேரத்துல நம்ம எங்க அனுப்பிச்சோம்க்கா? ரோடு பூரா வண்டி நிக்குதே, அது அவங்க கண்ணுக்குத் தெர்லியா? நீயாவது சொல்லக் கூடாதா?" அவருக்கு என்னிடம் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பதினோரு பெயர் கேட்டாய். ஒன்றுகூட அனுப்பமாட்டேன். உன் வேலையைக் காப்பாற்ற நான் செய்ததற்கு அவர்கள் ஏன் வீட்டுக்குப் போகவேண்டும்? மேடையில் என் பெயரைச் சொன்னாயாம். யாரடி உன்னைச் சொல்லச் சொன்னது?

இன்று காலை டோக்கன் மேசையை ரோட்டுக்கு, வரிசையின் கடைசிக்குத் தூக்கிப்போகச் சொன்னேன். லாரி வந்து நின்ற உடனே டோக்கன். மாலையில் கணக்கு வந்தது. ஐந்து மணி நேரம். நாம் திட்டம் போடும் முன்பு நாலுதான். ஒழுங்காக இரண்டரைக்குக் கொண்டுவந்ததை ஐந்தாக்கியிருக்கிறோம்.

இந்த ஆறு மாதமும் நடந்ததை எழுதி, உன் மார்ச் மாதக் கடிதத்தையும் சேர்த்து, நிர்வாகத்துக்கு மெயில் அனுப்பிவிட்டேன். எல்லா அறிக்கையிலும் கையெழுத்து என்னுடையது, என் வேலையும் போகும். உன்னை மட்டும் மாட்டிவிட்டேன் என்று நினைக்காதே. உஸ்மாவை நினைத்து ஒருநாள் முழுக்க அழுதேன், பிறகுதான் அனுப்பினேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் உன்னைக் கூப்பிட்டு விசாரித்திருப்பார்கள். நீ எனக்குப் பலமுறை போன் செய்திருப்பாய். நான் எடுத்திருக்கமாட்டேன்.

இ. ரெஜினா